அருவமும் உருவமும்: பன்மொழி இலக்கணக் கருவி ஒன்றன் ஆணை விளக்கம்

இலக்கண நூலும் அகராதியுமே மொழியாராய்ச்சிக்குத் துணையாயிருந்த காலம் கழிந்து, கணிப்பொறியும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் காலம் இது. ஒரு மொழியின் இலக்கணத்தைக் கணிப்பொறிக்கு உரிய முறையில் எழுதித் தந்து, அதனைக் கொண்டே தொடர்களைப் பகுக்கவும் ஆக்கவும் வழிசெய்யும் கருவிகளுள் ஒன்று 'கிராமட்டிகல் பிரேம்வொர்க்' என்பது, சுருங்க ஜி.எப். என்பர். 1998ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் செராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இது தோன்றியது. பின்னர்ச் சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரில் ஆர்னே ரான்டா என்னும் பேராசிரியரும் அவரைச் சார்ந்தோரும் இதனை வளர்த்து வந்தனர். இக்கருவி பற்றி அவர் எழுதிய நூல் 2011இல் வெளிவந்தது. இதனைக் கையாள்வோர்க்கென ஆணைகளின் விளக்கம் ஒன்றும் உளது. ஒவ்வோர் ஆணையின் பெயர், சுருக்கம், பயன், உடன்வரும் குறிப்புகள், எடுத்துக்காட்டு ஆகியவற்றை அது தொகுத்துத் தருகின்றது. அவ்விளக்கத்தைத் தமிழ் இலக்கணம் கற்றார் எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1. ஓர் அருவம், பல உருவம்

இக்கருவியின் அடிப்படை ஒரு பாகுபாடு. சொல்லக் கருதும் பொருளின் அமைப்பு ஒருபால் நிற்கும். அதனை அருவ இலக்கணம் எனலாம். அவ்வமைப்பு ஒவ்வொரு மொழியிலும் பெறும் சொல்வடிவமும் சொல்வரிசையும் மற்றொருபால் நிற்கும். அதனை உருவ இலக்கணம் எனலாம். அருவம் ஒன்றே; உருவம் மொழிதோறும் ஒவ்வொன்று.

இதற்கு நாம் நாளும் கேட்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் வண்டிகளின் வரவும் செலவும் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அறிவிக்கப்படுகின்றன. புறப்படும் ஊர், சேரும் ஊர், வண்டி, நடைமேடை என்னும் நான்கும் அறிவிப்பின் அருவம். 'விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வண்டி' என்பது தமிழ் உருவம். ஆங்கிலத்தில் உருபுநிலைச்சொல் ஊர்ப்பெயர்க்கு முன் நிற்கும். இந்தியில் 'ஸே' என்பது பின் நிற்கும். இவ்விரு மொழிகளிலும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் திரிவதில்லை. தமிழிலோ விழுப்புரம் விழுப்புரத்திலிருந்து என்றும், ஈரோடு ஈரோட்டிலிருந்து என்றும், மதுரை மதுரையிலிருந்து என்றும், ஆக்ரா ஆக்ராவிலிருந்து என்றும் ஈறு நோக்கி வெவ்வேறாகும். கரூர் ஒன்றே இயல்பாக நின்று கரூரிலிருந்து என வரும். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறுதலும், உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் டகரம் இரட்டுதலும், யகர வகர உடம்படுமெய் தோன்றுதலும் இவ்வொரு தொடரிலேயே அடங்கிவிட்டன.

ஆகவே, ஊர்ப்பெயர்களை அட்டவணையாக வைத்து உருபுகளைப் பின்னே ஒட்டும் எவ்வமைப்பும் ஆங்கிலத்திற்குப் போதுமாயினும் தமிழுக்குப் போதாது. ஜி.எப். இக்குறையை அறிந்து, ஈற்றெழுத்தை நோக்கிச் சொல்லை வேறுபடுத்தும் வசதியை இலக்கணம் எழுதுவோர்க்குத் தந்துள்ளது. உயிர் மயங்கியல், புள்ளி மயங்கியல், குற்றியலுகரப் புணரியல் எனத் தொல்காப்பியர் ஈறு பற்றி இயல் வகுத்த முறை இவ்வசதிக்கு மிகவும் இயைந்தது. தமிழிலக்கணத்தின் வைப்புமுறையே இங்குக் கணிப்பொறிக்கு ஏற்றதாய் நிற்றல் காண்க.

2. அகர வரிசையும் இலக்கண வைப்பும்

ஆணை விளக்கத்தின் முதற் குறை அதன் வைப்புமுறை. ஆணைகள் உரோம எழுத்துச் சுருக்கங்களின் அகர வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளன. தொடரைப் பகுக்கும் ஆணைக்கு 'பி' என்பது சுருக்கம்; பகுத்த அமைப்பை மீண்டும் தொடராக்கும் ஆணைக்கு 'எல்' என்பது சுருக்கம். ஒன்றன் மறுதலையாகிய மற்றொன்று, இவ்வரிசையில் இடையே பிறவற்றால் பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றது. இலக்கணத்தைக் கருவியினுள் கொணரும் ஆணையே எல்லாவற்றிற்கும் முதலாயினும், கற்போன் அதனை நடுவிலேயே காண்கின்றான்.

இஃது அகராதி முறை. இலக்கண முறை அன்று. இவ்விரண்டின் வேறுபாட்டைத் தமிழுலகம் நன்கறியும். திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள் இனம் பற்றித் தொகுத்தன. இந்நாளில் அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்ததும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்ததும் ஆகிய ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து அகர வரிசையில் அமைத்தார். தேடுவோர்க்கு அது பெரும்பயன் தந்தது. ஆயினும் அவரே 1730இல் தொன்னூல் விளக்கம் செய்தபோது, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் வைப்பையே கொண்டார். தேடுதற்கு ஒரு வரிசை, கற்றற்கு ஒரு வரிசை என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. ஆணை விளக்கம் முன்னதை மட்டுமே தருகின்றது. தமிழில் இதற்கு ஒரு விளக்கம் எழுதப்படுமாயின், இலக்கணத்தைக் கொணர்தல், பகுத்தல், ஆக்கல், சோதித்தல், காட்டல் என ஐந்தாகப் பிரித்து அமைத்தல் நலம்.

3. பகுத்தலும் ஆக்கலும்

வைப்புமுறை குறையுடையதாயினும், ஆணைகளின் உள்ளீடு ஆழ்ந்த கருத்து ஒன்றைக் கொண்டுள்ளது. ஒரே இலக்கணம் பகுத்தற்கும் ஆக்கற்கும் பயன்படுதல் வேண்டும் என்பதே அது. ஒரு மொழியில் பகுத்ததன் விளைவை ஒரு நிலைக்கோட்டால் இணைத்து மற்றொரு மொழியில் ஆக்கும் ஆணைக்குத் தந்தால் அதுவே மொழிபெயர்ப்பு ஆகின்றது.

இவற்றினும் சிறந்தது, இலக்கணம் இடந்தரும் அமைப்புகளுள் ஒன்றைத் தானே குறிப்பின்றித் தேர்ந்து ஆக்கும் ஆணை. இதன் சுருக்கம் 'ஜி.ஆர்.' என்பது. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகளைத் தாமே தேர்ந்து தருவர். தேர்ந்த எடுத்துக்காட்டு விதிக்கு இணங்கவே செய்யும். இவ்வாணையோ இலக்கணம் எழுதியவன் நினையாத தொடரையும் கொணர்ந்து முன் நிறுத்தும். மேற்காட்டிய அறிவிப்பு இலக்கணத்தில் டகரம் இரட்டும் விதியை ஒருவன் மறந்தானாயின், 'ஈரோடிலிருந்து' என்னும் வழு வடிவம் இன்றன்றேல் நாளை வெளிப்படும். 'திருச்சிராப்பள்ளியிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வண்டி' என்பதும் வெளிப்படும். முன்னது சொல்லின்கண் வழு. பின்னது பொருளின்கண் வழு. உருவ இலக்கணத்தைத் திருத்த முன்னது தீரும். அருவ இலக்கணத்தைத் திருத்தினாலன்றிப் பின்னது தீராது. இரண்டையும் பிரித்துக் காட்டுதல் இவ்வாணையின் பயன்.

நூற்குற்றம் பத்தனுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூலார் முதற்கண் வைத்தார். பகுத்தல் ஆணை ஒரு நல்ல தொடரை ஏற்காது விடின் இலக்கணம் குன்றியது என்றும், ஆக்கல் ஆணை ஒரு தீய தொடரைத் தரின் இலக்கணம் மிகைப்பட்டது என்றும் கொள்ளலாம். சூத்திரத்திலுள்ள ஒரு சொல் இல்லையாயின் எவ்வழு நேரும் என வினாவி விடையிறுக்கும் நம் உரைமரபும் இச்சோதனையையே செய்தது. அதனை உரையாசிரியரின் நுண்ணறிவு செய்தது. இங்குக் கருவி சலியாது செய்கின்றது என்பதே வேற்றுமை.

4. சொல்லின் எல்லையில் நேரும் இடர்

எனினும், ஆணை விளக்கம் சொல் என்பதை இடைவெளிகளுக்கு நடுவே நிற்கும் எழுத்துச் சரமாகவே பெரிதும் கருதுகின்றது. இக்கருத்து ஆங்கிலத்திற்கு இடர் செய்யாது, தமிழுக்குச் செய்யும். சொல்லோடு ஒட்டி வரும் இடைச்சொற்களைப் பிரிக்கும் ஆணை ஒன்று விளக்கத்தில் உண்டு. மொழியின் சொற்பட்டியலும் இடைச்சொற்பட்டியலும் தந்தால், ஒரு சரத்தை அவ்விரண்டின் சேர்க்கையாகப் பிரித்துக் காட்டும். 'மரமும்' என்பதனை அதற்குத் தருவோம். 'மரம்' என்பதும் 'உம்' என்பதும் ஓசையில் உள. எழுத்து வடிவில் இல. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாய் ஒன்றிவிட்டன. 'நாடும்' என்பதில் உகரம் கெட்டது. 'அவளையும்' என்பதில் யகரம் தோன்றியது. வெட்டி ஒட்டும் முறையால் இம்மூன்றும் கைகூடா.

இவ்விடர்க்கு எழுத்துக் குறியீடும் ஒரு காரணம். மெய் உடம்பு, உயிர் உயிர், இரண்டன் கூட்டம் உயிர்மெய் என்பது நம் நூன்முடிபு. இந்நாளில் வழங்கும் யூனிகோடு குறியீட்டிலோ அகரம் ஏறிய உயிர்மெய்யே முதல். அதன்மேல் புள்ளியைக் கூட்டினால் மெய் பிறக்கும். எனவே தமிழ்ப் புணர்ச்சி விதிகளைக் கருவிக்கு எழுதுவோன், இலக்கணத்திற்கு மறுதலையான எழுத்தடைவின்மீது இலக்கணத்தை நாட்டவேண்டியவனாகின்றான். எழுத்துப்பெயர்ப்புச் செய்யும் ஆணை ஒன்றும் விளக்கத்தில் உளது. தமிழை முதலில் ஒலியெழுத்தாக மாற்றிப் பகுத்தபின் மீளத் தமிழாக்குதல் ஒரு வழி. ஈற்றெழுத்து நோக்கும் விதிகளால் சொல்வடிவம் அனைத்தையும் முன்னரே ஆக்கிக்கொள்ளுதல் மற்றொரு வழி. இப்பின்னதற்கு உதவுவது 'சி.சி.' என்னும் ஆணை. ஒரு பெயரைத் தந்தால் விதிப்படி அது பெறும் வடிவம் அனைத்தையும் அட்டவணையாகக் காட்டும். இலக்கணத்தைக் கொணரும்போதே விதிகளை நிறுத்திவைக்கும் குறிப்பு உடன் தரப்படுதல் வேண்டும் என்பதையும் விளக்கம் மறவாது கூறுகின்றது. தமிழாசிரியர் முதற்கண் பயிலத்தக்கது இவ்வாணையே என்பது நம் கருத்து.

5. திருவரங்கத்து உரைமரபு தரும் சோதனை

பன்மொழி என்பதனை இக்கருவி, தனித்தனி நிற்கும் மொழிகளின் வரிசையாகக் கொள்கின்றது. இருமொழி ஒரு தொடரில் கலந்து வரும் வழக்குத் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குக் கூறிய பொருளை 13ஆம் நூற்றாண்டில் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த ஈட்டுரை, மணிப்பிரவாள நடையினது. அந்நடையில் வடசொற்கள் மிக்கு வருமேனும், ஸ்வரூபம் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமையில் ஸ்வரூபத்தை என்றே ஆகும். சொல் வடமொழியது, அத்துச் சாரியையும் உருபும் தமிழ். ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கத்திலிருந்து எனப் புகைவண்டி நிலையத்தில் ஒலிப்பதும் அதே விதியால். எனவே மணிப்பிரவாளத்திற்கு உருவ இலக்கணம் எழுதுவோன் தமிழின் புணர்ச்சி விதிகளை அப்படியே கொண்டு, சொற்பட்டியலை மட்டும் விரித்தால் பெரும்பகுதி முற்றும். ஓர் இலக்கணப் பகுதியை மற்றொன்று தழுவி விரிதற்கு ஜி.எப். இடந்தருகின்றது. ஒரு தொடர் எம்மொழியது என்பதனைச் சொற்களைக் காட்டிலும் ஈறுகளே தெளிவாகக் காட்டும் என்னும் உண்மையும் இதனால் புலனாகும்.

ஈட்டுரை மற்றொரு வகையாலும் கருதத்தக்கது. பகுத்தல் ஆணை, ஒரு தொடர்க்கு இலக்கணம் இடந்தரும் அமைப்புகள் பலவாயின் அனைத்தையும் அடுக்கித் தரும். ஈட்டுரையும் ஒரு பாட்டிற்குப் பல பொருள்கோள்களைத் தரும். ஆயின் இது ஆளவந்தார் நிர்வாகம், இது எம்பெருமானார் நிர்வாகம், இது பட்டர் நிர்வாகம் என உரியவரைச் சுட்டும். கருவி தருவது பட்டியல். உரை தருவது மரபு. எவ்விதியால் எவ்வமைப்புக் கிடைத்தது என்பதனைக் கருவி மரவடிவப் படமாகக் காட்ட வல்லதேனும், இவற்றுள் கொள்ளத்தக்கது எது என்னும் தெரிவு கற்றார்க்கே உரியது.

6. முடிபு

தொகுத்து நோக்கின், ஆணை விளக்கம் தேடுதற்கு எளிது, கற்றற்கு அரிது. அதன் உயிர்நிலை பகுத்தலும் ஆக்கலும் ஒன்றையொன்று சோதிக்கும் முறையில் உளது. அதன் குறை சொல்லின் எல்லையை இடைவெளியால் அளத்தலில் உளது. இக்குறையைக் கருவியின் ஆசிரியர் தாமே தீர்ப்பர் என எதிர்பார்த்தல் தகாது. ஈறும் சாரியையும் உடம்படுமெய்யும் அறிந்தவர் தமிழிலக்கணம் கற்றோர். அவர் ஒதுங்கி நிற்பின், தமிழுக்குரிய உருவ இலக்கணத்தை ஊர்ப்பெயரோடு உருபை ஒட்டுதலே போதும் எனக் கருதுவோர் எழுதுவர். பொறிகள் பேசும் தமிழும் அவ்வாறே அமையும். முதுகலை மாணவர் ஒருவர் வேற்றுமைப் புணர்ச்சியை மட்டும் இக்கருவிக்கு எழுதி, ஊர்ப்பெயர் நூற்றின்மேல் ஓட்டிப் பார்ப்பராயின், நன்னூல் விதிகளுள் எவை தாமே போதும், எவற்றிற்குப் புறனடை வேண்டும் என்பது ஐயமின்றித் தெரியும். அவ்வாராய்ச்சி கணிப்பொறிக்கு உதவும் அளவினும் தமிழிலக்கணத்திற்கே மிகுதியாக உதவும் என்க.