விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்

ஓடாத வாக்மேனைத் தூக்கிப் போடும் முன் அதைக் காதருகே வைத்து, ப்ளே பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். சன்னமாக மோட்டார் இரைந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது, பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும். இரைச்சலே இல்லையென்றால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம். பாட்டு வருகிறது, ஆனால் மங்கலாக வருகிறது என்றால் சந்தேகம் ஹெட்டின் மேல் விழும். கை தேர்ந்தவர்கள் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதிக் கோளாறைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். பழுதுபார்க்கும் தொழிலின் அழகு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழுதுபார்ப்பவர்கள் மிகவும் மதித்துத் தொடும் கருவி, சோனி 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிபிஎஸ்-எல்2. விலை 33,000 யென். நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க ஒரு சிறிய கருவி வேண்டும் என்று நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா விரும்பினார். நிருபர்களுக்காக ஏற்கெனவே வந்திருந்த ‘பிரஸ்மேன்’ ரெக்கார்டரிலிருந்து பதிவு வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஒலியைச் சேர்த்தார்கள். பதிவு செய்யாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. இன்னொரு நிறுவனரான அகியோ மொரிட்டா விடாப்பிடியாக நின்று அதைச் சந்தைக்கு அனுப்பினார். நீல, வெள்ளி நிற உலோக உடம்பு. இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். பாட்டைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்க ஓர் ஆரஞ்சு பட்டன். 2014-ல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தில் நாயகன் இடுப்பில் இதைப் பார்த்த பிறகு, பழைய சாமான்களோடு கிடந்த டிபிஎஸ்-எல்2-களுக்குத் திடீர் மவுசு வந்தது.

அதன் பின்மூடியைத் திறக்கும்போதே ஒரு பாடம் காத்திருக்கிறது. ஜப்பானியத் திருகுகளின் கூட்டல்குறிப் பள்ளம், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜப்பானியத் தரத்துக்கு வெட்டிய முனை வேண்டும். அவசரப்பட்டு வேறு முனையால் அழுத்தினால் நழுவி, திருகின் தலை மழுங்கிவிடும். நாற்பது ஆண்டு அசையாமல் இருந்த திருகு மழுங்கிவிட்டால் பிறகு அதை எடுப்பது தனி வேலை.

உள்ளே பெல்ட் இருந்த இடத்தில் சில சமயம் கருப்புத் தார்தான் இருக்கும். சில பெல்ட்டுகள் நீண்டு தொய்ந்து போவதோடு சரி. பாலியூரித்தேனில் செய்தவை காற்றின் ஈரத்தை ஆண்டாண்டாக உறிஞ்சி, சிதைந்து, பிசினாக உருகிவிடும். விரலில் பட்டால் லேசில் போகாது. விரலிலிருந்து மூடிக்கும், மூடியிலிருந்து கேசட்டுக்கும் தாவும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் கப்பியின் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். குச்சி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைப்பவர்தான் நல்ல கைக்காரர். ஒரு துளி மிச்சமிருந்தாலும் புதிய பெல்ட் அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தத்தும். பாட்டில் அது நடுக்கமாகத் தெரியும்.

புதிய பெல்ட்டின் அளவிலும் நிதானம் வேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கும். இறுகியிருந்தால் மோட்டாரின் அச்சை ஒரு பக்கமாக இழுத்து அதன் ஆயுளைக் குறைக்கும். கிடைத்த ரப்பர் வளையத்தை மாட்டி ஓடவிட்டுக் கொடுப்பதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல மனம் வராது.

ஓடினால் மட்டும் போதாது, சரியான வேகத்தில் ஓட வேண்டும். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உருவாகி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் வெளியான கேசட், விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஓடும். அதைச் சரிபார்க்க 3,000 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனை டேப் உண்டு. அளவீட்டில் 3,030 என்று வந்தால் கருவி 1 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் குட்டித் திருகை மயிரிழை திருப்பினால் எண் இறங்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண்ணே தேவையில்லை. வேகம் 6 சதவீதம் கூடினால் ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். சராசரி வேகம் சரியாக இருந்து, நொடிக்கு நொடி ஏறி இறங்கினாலோ தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். மிருதங்கத்தின் வேக நடையில் ஒளிந்துகொள்ளும் நடுக்கம், தம்புராவின் நீண்ட கார்வையில் ஒளிய முடியாது. பழுது நீங்கியதா என்று பார்க்க அதைவிட நல்ல கேசட் இல்லை.

இந்த நடுக்கத்தை ஒழிக்கத்தான் சோனியின் பொறியாளர்கள் 1982-ல் டிஸ்க் டிரைவ் முறையைக் கொண்டுவந்தார்கள். மோட்டாரின் அச்சு, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டனைச் சுழற்றும் தட்டின் விளிம்பை நேரடியாக உரசி ஓட்டும். இடையில் பெல்ட் கிடையாது. 1984-ல் வந்த டபிள்யூஎம்-டி6சி அதோடு குவார்ட்ஸ் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டது. அதன் வேக ஏற்ற இறக்கம் 0.04 சதவீதம். கையில் அடங்கும் கருவிக்கு அது நம்பவே முடியாத எண். வானொலி நிருபர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்ததில் ஆச்சரியமில்லை. இவ்வளவு நேர்த்தியான டிஸ்க் டிரைவ் கருவிகள் பலவற்றுக்கும் ஒரு பொது நோய் உண்டு. நடுவில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதாக ஆக விரிசல் விடும். விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகன்றுவிடுவதால், சக்கரம் சுற்றும்போதெல்லாம் தாளம் தவறாமல் ஒரு ‘டிக்’ கேட்கும். பசை போட்டு ஒட்டினால் அகன்ற இடைவெளி அப்படியேதான் இருக்கும். அந்தச் சக்கரத்தை இப்போது ஆர்வலர்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நகத்தளவுப் பொருள், பொருத்தி முடித்ததும் டிக் நின்றுவிடும்.

கடைசியாகச் செய்ய வேண்டியதும், இருப்பதிலேயே நுட்பமானதும் ஹெட்டை நேராக்குவது. ஹெட்டின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு இருக்கிறது. டேப் ஓடும் திசைக்கு அது மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கேசட்டின் வேகத்தில் டேப்பில் பிடிக்கும் நீளம் வெறும் 4.76 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிளவு இம்மி சாய்ந்தாலும் அந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜால்ராவின் சிலிர்ப்பும் வயலினின் வில் உரசலும் காணாமல் போகும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் திருகை, பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கான ஒலியையும் ஒன்றாகக் கலந்து கேட்டால் சரியான இடம் பளிச்சென்று பிடிபடும். மூடியிருந்த கதவு திறந்ததுபோல் மேல்ஸ்தாயி முழுவதும் சட்டென்று வெளியே வரும். அந்த இடத்தில் திருகின் தலையில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து நிறுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது. டேப் உரசி உரசி ஹெட்டில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தாலோ, கசிந்த பேட்டரி சர்க்யூட்டின் செம்புத் தடங்களை அரித்திருந்தாலோ, இரண்டு கருவிகளை ஒன்றாக்குவதுதான் வழி. அதனால்தான் ஓடாத வாக்மேனுக்கும் சந்தையில் விலை இருக்கிறது. பழையதே வேண்டாம் என்பவர்களுக்குப் புதிய கருவிகளும் வருகின்றன. சீனாவின் ஃபியோ நிறுவனம் 2024-ல் கொண்டுவந்த சிபி13-ல் பெரிய செம்புச் சக்கரம் வைத்து வேகத்தை நிதானப்படுத்தியிருக்கிறார்கள், உழைப்புத் தெரிகிறது. டால்பி இரைச்சல் நீக்கம் மட்டும் அதில் இல்லை. டால்பி சி-யில் பதிந்த கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர், பழுதான டி6சி-யைத் தேடி வாங்கிப் பழுதுபார்ப்பதே புத்திசாலித்தனம்.