வாய்வீச்சால் வெல்லும் வாள்சண்டை

1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கணினி விளையாட்டு இப்போது என் செல்போனில் ஓடுகிறது. ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளுக்கு நன்றி. அது பழைய கணினியைப் போல நடிப்பதில்லை. விளையாட்டை இயக்கும் நிரலையே புதிதாக எழுதி வைத்திருக்கிறது.

அந்த விளையாட்டில் கடற்கொள்ளையர்களோடு போடும் வாள்சண்டைதான் எத்தனை அழகு! எதிராளியின் வசவுக்குச் சரியான பதிலடி தெரிந்தால் வெற்றி. தெரியாவிட்டால் தோல்வி, ஆனால் வசவு நமக்குச் சொந்தமாகிவிடும். அதை அடுத்த கொள்ளையனிடம் வீசினால் பதிலும் கிடைக்கலாம். வாள்வித்தையில் தேர்ந்த கார்லாவோ புதுப்புது வசவுகளாக வீசுவாள். கற்ற பதில்களையே இடமறிந்து பொருத்த வேண்டும். சண்டைக்காட்சியை இவ்வளவு புத்திசாலித்தனமாக அமைத்த விளையாட்டு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதே விளையாட்டில் கடலடியில் சிக்கும்போது நாயகன் கைப்ரஷ் 10 நிமிடம் மூச்சடக்குவான், அதற்குள் நிதானமாக யோசிக்கலாம்.

ஸ்கம்விஎம்முக்குப் புதியவர்கள் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ என்ற விளையாட்டில் தொடங்குங்கள், அது 2003 முதல் இலவசம்.