கிணறும் பாடநூலும்: சுற்றாடற் கல்வியின் ஒருங்கிணைப்புப் பற்றி ஒரு நோக்கு

சுற்றாடற் கல்வி தனியொரு பாடமாதல் வேண்டுமா, ஏனைய பாடங்களுள் ஊடும் பாவுமாய் அமைதல் வேண்டுமா என்னும் வினா கல்வியியலாளரிடையே நெடுநாள் வழங்கிவருவது. 1977 ஒக்ரோபரில் யுனெஸ்கோ நிறுவனம் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்துடன் இணைந்து, அன்றைய சோவியத் ஜோர்ஜியாவின் திபிலிசி நகரிற் கூட்டிய மாநாடு இரண்டாவது வழியையே வற்புறுத்தியது. பல்துறை அறிவும் நேரடி அனுபவமும் இணைதல் வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையளவில் இதனை மறுப்பார் அரியர். நடைமுறையில் நிகழ்ந்தது யாது என்பதே ஆராயத்தக்கது.

இலங்கையில் ஆரம்ப வகுப்புகளுக்குச் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றொரு பாடம் உண்டு. ஆறாந் தரத்தை அடைந்ததும் அச்சுற்றாடல் விஞ்ஞானம், புவியியல், சுகாதாரம், குடியியல் எனக் கூறுபடுகின்றது. மாசடைதல், காடழிப்பு, பொலித்தீன் என்பன பாடத்துக்குப் பாடம் தலைகாட்டுகின்றன. ஓர் ஆசிரியர் கற்பித்ததை மற்றவர் அறியார். இதனை ஒருங்கிணைப்பு என்பதிலும் கூறியது கூறல் என்பதே பொருந்தும்.

பிரதேசத்தின் வாழ்வை வகுப்பறைக்குக் கொணரும் முயற்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977 ஆட்சிமாற்றத்தின் பின் அவை கைவிடப்பட்டன. பழியை ஆட்சிமாற்றத்தின்மீது மட்டும் சுமத்துதல் எளிது. உத்தியோகத்துக்கு வழிகாட்டாத கல்வி எனப் பெற்றோர் கொண்ட ஐயத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். கையாற் செய்வது கல்வியிற் குறைந்தவர்க்கே உரியது என்ற எண்ணம் இன்றும் முற்றாக அகன்றுவிடவில்லை.

இந்நிலையில், பாடங்களை இணைப்பது கருப்பொருள்களின் பட்டியலா, கண்முன்னுள்ள ஒரு பொருளா என்பது முக்கியமான வினாவாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலையொன்றுக்கு அப்பொருள் கிணறேயாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறையுமாயின் கீழே உவர்நீர் எவ்வளவு உயரும் என்பதை விகிதம் கற்ற மாணவன் தானே காணலாம். (நிலாவரைக் கிணற்றுக்குச் சுற்றுலாச் சென்று 'ஆழங்காண முடியாத கிணறு' எனக் கட்டுரை வரையும் வழக்கம் உண்டு. அதன் அடியில் உவர்நீர் நிற்பது ஏன் எனக் கேட்பார் சிலரே.)

கயிற்றிற் கல்லைக் கட்டி வாரந்தோறும் நீர்மட்டத்தை அளப்பது கணிதம். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலாற் குளோரைட்டைக் காண்பது விஞ்ஞானம். துலா, ஆடுகால், பட்டை, துரவு என மறைந்துவரும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுப்பது தமிழ். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் இறைப்பின் அளவும் பயிரும் எவ்வாறு மாறின என்பது புவியியல். ஒரே குறிப்பேடு நான்கு ஆசிரியரிடமும் செல்லும்.

இதுவரை எவருக்கும் இடர் இல்லை. இடர் தோன்றுமிடத்தில்தான் இக்கல்வி தன் தகுதியைக் காட்டவேண்டும். கிணற்றின் வரலாற்றை வினவும் மாணவி, அக்கிணற்றில் அள்ள எவர் அனுமதிக்கப்படவில்லை என்றும் வினவுவாள். 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக்கட்டுக்கு வெளியே குடத்துடன் காத்துநின்றமை ஊரறிந்த உண்மை. அவளது வகுப்பிலேயே அக்குடங்களுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகளும், கிணற்றுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பர். இரண்டாவது இடர் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் விவசாயக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கு அந்நீர் ஆபத்தானது. அதன் மூலங்களுள் ஒன்று மலசலகூடக் குழி. மற்றொன்று தந்தை வெங்காயத்துக்கு இடும் யூரியா. அந்த வெங்காயமே பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வழி.

பாடநூல்கள் இவ்விரண்டையும் தவிர்த்து மரநடுகையில் நின்றுவிடுவது தற்செயலன்று. மரநடுகை எவரையும் நோகச்செய்யாது. அளந்தறியும் கல்வியோ வீட்டினுள்ளும் வேலிக்கு அப்பாலும் வினாவை எழுப்பும். அப்போது ஆசிரியர் தந்தையைக் குற்றவாளியாக்கலாகாது; பசளையின் அளவு, இறைப்பின் அளவு, சந்தை விலை ஆகியவற்றை அத்தந்தையிடமே கேட்டறிதல் வேண்டும். அவரை விடச் சிறந்த தகவலாளர் அவ்வூரில் இலர்.

நடைமுறைத் தடைகளும் உள. ஒரு பாடவேளையிற் கிணற்றடிக்குச் சென்று மீளல் இயலாது. வாரத்தில் ஒரு பிற்பகலேனும் நான்கு பாடங்களுக்கும் பொதுவாக ஒதுக்கப்படல் வேண்டும். பொதுப் பரீட்சை அக்குறிப்பேட்டைக் கணக்கிற் கொள்ளாதவரை மேல்வகுப்பு மாணவரை அங்கு காண்பது அரிது. குளோரைட்டைப் பாடசாலை ஆய்வுகூடம் கண்டறியும். நைத்திரேற்றைத் திருத்தமாக அளக்கும் கருவி பெரும்பாலான பாடசாலைகளில் இல்லை. அது பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் உள்ளது. ஊர்க்கிணற்று நீரைப் போத்தலில் ஏந்திவரும் பத்தாந் தர மாணவியிடம் அதனைப் பெற்று, அளந்து, பெறுபேற்றை அவளுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எந்தத் துறை ஏற்கும் என்பது இன்னும் கேட்கப்படாத வினா.