கிரே அடித்தால் மெலாஞ்ச்

திருப்பூரில் 'கிரே' என்றால் சாயம் ஏறாத துணி. நிட்டிங் மெஷினில் இருந்து இறங்கிய கையோடு சாயப்பட்டறைக்குப் போவது. 'கிரே மெலாஞ்ச்' வேறு சரக்கு. சாயம் ஏற்றிய பஞ்சையும் வெள்ளைப் பஞ்சையும் கலந்து நூற்ற நூல் அது, மறுபடி சாயம் கேட்காது. பனியன் கம்பெனியில் ஒரு மாதம் இருந்தவருக்கும் இது தெரியும். எக்செல்லுக்குத் தெரியாது.

எக்செல்லில் துணி வரவு ஷீட்டின் துணிப் பெயர்ப் பத்தியில் 'கிரே மெலாஞ்ச்' ஏற்கெனவே ஏறியிருக்கிறது, வெறும் 'கிரே' இன்னும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதிவு போடுகிற பெண் கையிலுள்ள டிசியை (டெலிவரி சலானை) பார்த்தபடி 'கிரே' என்று அடிக்கிறார். மிச்சத்தை எக்செல் தானே நீட்டிக் காட்டுகிறது. அவர் கண் டிசியில்தான் இருக்கிறது. என்டர். சாயத்துக்குப் போக வேண்டிய ரோல்கள் மெலாஞ்ச் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டன. என்டருக்கு முன் டெலீட்டை ஒருமுறை தட்டியிருந்தால் நீட்டிய வால் போயிருக்கும். திரையைப் பார்த்தால்தானே வால் இருப்பது தெரியும்!

இப்படி நீட்டிக் காட்டும் ஆட்டோகம்ப்ளீட்டின் அடிப்படைக் கோளாறு இதுதான். அடித்தது முழுச் சொல்லா, பாதிச் சொல்லா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'முடித்துவிட்டேன்' என்பதற்கும் 'நீ சொன்னது சரி' என்பதற்கும் ஒரே என்டர்.

அதற்காக அணைத்துவிடலாமா? ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ஒரு டிக்கை எடுத்தால் போதும். ஆனால் அணைத்தால் மொத்தமாக அணையும், ஒரு பத்திக்கு மட்டும் அணைக்க வழியில்லை. ஜாப் ஒர்க் நடத்துகிற ஊரில் இதன் விலை பெரிது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒரு ஆர்டர் ஏறி இறங்குகிற இடங்களின் பெயரெல்லாம் ஒரே பத்தியில் வரும். ஒரே பட்டறையை ஒருவர் 'ஸ்ரீ' என்றும், இன்னொருவர் ஆங்கிலத்தில் இரண்டு 'ஈ' போட்டும் எழுதினால், மாதக் கடைசியில் கூலியைக் கூட்டும்போது அது இரண்டு பார்ட்டியாகிவிடும். முதலில் எழுதிய எழுத்தையே அடுத்தவரையும் எழுத வைப்பது ஆட்டோகம்ப்ளீட்தான். முதல் எழுத்தே பிழையென்றால் பிழையையும் பரப்பும் என்பது உண்மை. ஆனாலும் ஒரே மாதிரியான பிழையை ஒரே ரீப்ளேஸில் திருத்திவிடலாம். பத்து மாதிரிப் பிழையைத் தேடிக் களைவதுதான் பாடு. பாதிப் பட்டறைப் பெயர்கள் 'ஸ்ரீ'யில் தொடங்கும் ஊர் என்பதால், பெயர் தனித்துப் பிரியும் வரை ஆட்டோகம்ப்ளீட் வாயே திறக்காது என்பது வேறு விஷயம்.

செய்யாத குற்றத்துக்கும் அதன்மேல் பழி விழுகிறது. குழந்தைகள் உடுப்புக்கு சைஸ் 2-3 என்று அடித்தால் தேதியாகிவிடும். இது ஆட்டோகம்ப்ளீட்டின் வேலையல்ல. அதை அணைத்தாலும் இது நிற்காது. பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். வெறும் எண்ணை ஆட்டோகம்ப்ளீட் தொடுவதே இல்லை. கிலோவும் ரேட்டும் அதனால் கெடாது. 'ஏ-11' போல எழுத்து கலந்த லாட் நம்பர் வந்தால்தான் 'ஏ-112' ஆக நீளும் ஆபத்து.

பட்டியலில் உள்ள பெயரை மட்டும் ஏற்கும் டேட்டா வேலிடேஷன் போட்டால் தீரும் என்பவர்கள் உண்டு. எழுத்துப்பிழைக்குச் சரி. ஆனால் கிரே மெலாஞ்சும் பட்டியலில் உள்ள பெயர்தானே? காவல்காரன் கேட்காமலே உள்ளே விடுவான். இப்படி நுழையும் தவறுக்கு விலையும் அதிகம்: 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் சுத்திகரிக்கும் செலவும் சாயக் கூலியோடு சேர்ந்துகொண்டது. துணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் பதிவு தடுமாறுவது அதனால் இன்னும் வலிக்கிறது.

என் தீர்ப்பு: ஆட்டோகம்ப்ளீட்டை அணைக்க வேண்டாம், பெயரை மாற்றுங்கள். எந்தப் பெயரும் இன்னொரு பெயரின் தலைப்பகுதியாக இருக்கக் கூடாது. 'கிரே மெலாஞ்ச்' என்பதை 'மெலாஞ்ச் கிரே' என்று புரட்டினால் மோதல் அங்கேயே முடிந்தது. மென்பொருளுக்காக மனிதன் பெயரை மாற்றுவதா என்று ரோஷப்படலாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே, 'மார்ச்1' போன்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிக் கெடுப்பதைப் பார்த்து, 2020-இல் அவற்றை மாற்றிக்கொண்டது. அவர்களுக்கு வராத ரோஷம் நமக்கு எதற்கு?

மாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. பேக்கிங் லிஸ்டில் பையர் எழுதிய பெயர்தான் நிற்க வேண்டும். அதைத் தனிப் பத்தியில் வைத்து, அங்கே கைவிரலை நம்பாமல், ஆல்ட்டோடு கீழ் அம்பை அழுத்தி வரும் பட்டியலில் இருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.