பேயின் வலிமை: காஞ்சித் துறையிலிருந்து விளையாட்டுத் திரைவரை

பேய் என்பது அச்சத்தின் படைப்பு என்று கூறி அமைவோர் பலர். அக்கூற்று ஓரளவே பொருந்தும். அச்சம் எல்லா மக்களுக்கும் பொதுவானது. பேய்களோ நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடுகின்றன. ஒரு சமூகம் தன் இறந்தோரை எவ்வாறு நடத்துகிறது என்பதற்கு அது படைத்த பேய்களே சான்றாகும். அப்பேய்களுக்கு அச்சமூகம் எத்தகைய வலிமையை ஏற்றிச் சொல்கிறது, அவ்வலிமைக்கு எதனை எல்லையாக வைக்கிறது என்னும் இரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாக்களுக்கு இன்று ஒரு புதிய களம் கிடைத்திருக்கிறது. 1996ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த போக்கிமொன் என்னும் வீடியோ விளையாட்டு, விந்தை உயிர்களைப் பிடித்துச் சேர்த்துப் போரிடவைக்கும் விளையாட்டு வகையை உலகெங்கும் பரப்பியது. நெருப்பு, நீர், புல் என இனம் பிரிக்கப்பட்ட அவ்வுயிர்களுள் பேயினமும் ஒன்று. சிறுவர் விளையாட்டைத் தொல்காப்பியத்தோடு ஒருங்குவைத்து நோக்குதல் தகுமா என்று சிலர் வினவலாம். பரணியும் தன் காலத்தில் கேட்டு மகிழ்வதற்காகவே பாடப்பட்டது. மக்கள் எதனில் மகிழ்கின்றனரோ அதனை ஆராயாது விடுதல் திறனாய்வாளனுக்கு அழகன்று.

முதலில் நம் மரபினை நோக்குவோம். தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளாகப் போர்க்களத்துப் பேய் இடம்பெறுகிறது. அங்கே பேய் போரிடுவதில்லை. போர் ஓய்ந்த பின்னரே அது வருகிறது. புண்பட்டுக் கிடப்பவனைப் பேணுவதற்குச் சுற்றத்தார் எவருமில்லாத வேளையில், பேயே அவனருகில் இருந்து காக்கும் என்று ஒரு துறை வகுக்கப்பட்டுள்ளது. உறவு வரவேண்டிய இடத்துக்கு உறவு வராதபோது பேய் வருகிறது என்பதே இதன் கருத்து. அடுத்து வருவது தொடாக்காஞ்சி. புண்பட்டோனை நெருங்க முயலும் பேயை அவன் மனைவி தடுத்து நிறுத்துகிறாள். பேய் தொடாது நீங்குகிறது. பேயின் வலிமைக்கு இங்கே எல்லையாக நிற்பது வாளோ வேலோ அன்று. ஒருத்தி விழித்திருந்து செய்யும் பணிவிடையே.

அப்பணிவிடை எத்தகையது என்பதனைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் விரித்துரைக்கிறார். மனையிலே இரவமும் வேம்பும் செருகி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, புண்பட்டவனைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். மருத்துவமும் இசையும் மந்திரமும் பிரியாதிருந்த ஒரு காலத்தின் இல்லத்தை இங்குக் காண்கிறோம். இறைச்சிக் கறியை இரவில் வெளியே கொண்டுசெல்வோர் அதனோடு கரித்துண்டோ இரும்போ வைக்கும் வழக்கத்தையும், நோயுற்ற பிள்ளையின் தலைமாட்டில் வேப்பங்குழை செருகும் வழக்கத்தையும் அறிந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

பின்னெழுந்த புறப்பொருள் வெண்பாமாலையை இதனோடு ஒப்பிடும்போது ஒரு மாற்றம் புலப்படுகிறது. ஐயனாரிதனார் தொட்டகாஞ்சி என்றும் தொடாக்காஞ்சி என்றும் இரு துறைகளை அமைக்கிறார். மனைவி புண் காத்திருக்கவும் பேய் வந்து தொட்டுவிடுதல் தொட்டகாஞ்சி. அஞ்சாத வீரனின் புண்ணைத் தொட அஞ்சிப் பேய் நடுங்கி நீங்குதல் தொடாக்காஞ்சி. துறையின் பெயர் மாறவில்லை; காரணம் மாறிவிட்டது. தொல்காப்பியத்தில் பேயைத் தடுத்தவள் மனைவி. வெண்பாமாலையில் அவள் காவல் பயனற்றுப்போகிறது. வீரனின் மறமே பேயைத் துரத்துகிறது. பேணுதலின் இடத்தை வீரம் எடுத்துக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பேரரசுகள் எழுந்த காலத்து இலக்கணம் அவ்வாறு அமைந்தமை வியப்புக்குரியதுமன்று.

இம்மாற்றத்தின் உச்சத்தைக் கலிங்கத்துப்பரணியில் காணலாம். முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் சென்று கலிங்கத்தை வென்றதைச் சயங்கொண்டார் பாடினார். அந்நூலின் பேய்களைப் போலச் சுவையான பேய்கள் தமிழில் வேறில்லை. முடம், குருடு, ஊமை, செவிடு, கூன் என உடற்குறையால் வகைப்படுத்தப்பட்ட பேய்கள். இமயத்திலிருந்து வந்து இந்திரசாலம் காட்டும் முதுபேய். அது தோற்றுவித்த பொய்க் குருதியை அள்ளப் பாய்ந்து ஒன்றன்மேலொன்று விழுந்து வெறுங்கையோடு எழும் பேய்கள். முடிவில், களத்திலே கூழ் அட்டு, பார்ப்பனப் பேய்க்கும் சமணப் பேய்க்கும் புத்தப் பேய்க்கும் முறையறிந்து வார்க்கும் பந்தி. ஆயினும் இப்பேய்களுள் ஒன்றேனும் வாளெடுத்துப் போரிடவில்லை. அவற்றின் ஆற்றல் பசி ஒன்றே. அரசன் போர் செய்தால் அவை உண்ணும்; உண்டால் அரசனை வாழ்த்தும்.

சயங்கொண்டாரின் சொல்வளத்தையும் நகைச்சுவையையும் பாராட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. களத்திலே மாண்ட கலிங்க வீரர் எவரும் அங்கே பேயாக எழவில்லை. அவர்கள் கூழாகிறார்கள். பேய்கள் யாவும் காளியின் பரிவாரம். வென்றவன் பக்கத்துச் சுற்றம். தோற்றவரின் இறந்தோர்க்கு மீண்டு வந்து ஒரு சொல் சொல்லும் உரிமையைப் பரணி வழங்கவில்லை. தோற்றவர் நாட்டின் பெயரை நூலுக்குச் சூட்டும் மரபுடைய ஓர் இலக்கிய வகையிலே இம்மௌனம் இருப்பது ஆழ்ந்து எண்ணுதற்குரியது.

அச்சொல்லைச் சொல்ல வந்தவள் நாட்டார் மரபின் பழையனூர் நீலி. கணவனாற் கொல்லப்பட்டவள், மறுபிறப்பெடுத்த அவனைத் தொடர்கிறாள். அவன் கையிலிருந்த மந்திர வாளை மீறி அவளால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவையின் முன் அழுது முறையிட்டு, அவையின் வாயாலேயே வாளை அகற்றுவிக்கிறாள். பின்னர் பழிதீர்க்கிறாள், பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல் தவறாது தீப்பாய்கின்றனர். நீலியின் வலிமை நகத்திலோ பல்லிலோ இல்லை, முறையீட்டிலே இருக்கிறது. நம் பேச்சு வழக்கோ ‘நீலிக் கண்ணீர்’ என அவள் அழுகையைப் பொய்க்கு உவமையாக்கி வைத்திருக்கிறது. அவள் முன்பு கொல்லப்பட்டாள் என்ற செய்தியை அவ்வழக்குச் சொல்வதில்லை.

இனி, விளையாட்டுக்கு வருவோம். 1996இன் முதற்பதிப்பில் 151 உயிர்கள் பதினைந்து இனங்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பேயினத்தைச் சேர்ந்தவை மூன்றே: காஸ்ட்லி, அதன் வளர்ச்சி நிலையான ஹோண்டர், அதனினும் வளர்ந்த கெங்கார். மூன்றும் நச்சினத்தையும் சார்ந்தவை. ஒவ்வோர் உயிரின் வலிமையும் எண்களாக வகுக்கப்பட்டது. கெங்காரின் சிறப்பாற்றல் 130, வேகம் 110, உடல்தாக்கு 65 மட்டுமே. இனங்களுக்கிடையே எது எதனை வெல்லும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. சாதாரண இனத்தின் தாக்கும் மல்லினத்தின் தாக்கும் பேயைத் தொடமாட்டா. பேயின் தாக்கும் சாதாரண இனத்தைத் தொடாது. பேயைப் பேய் தாக்கினால் இருமடங்கு ஊறு. தொட்டகாஞ்சியும் தொடாக்காஞ்சியும் இங்கே வாய்பாடாகிவிட்டன என்று கூறலாம்.

வாய்பாட்டை நுணுகி நோக்கினால் முரண்கள் தோன்றுகின்றன. முதல் மூன்று தலைமுறைகளிலும் பேயினத் தாக்குகள் உடல்தாக்கு எண்ணைக்கொண்டே கணிக்கப்பட்டன. எனவே கெங்காரின் பேராற்றலான 130 அதன் சொந்த இனத்தின் தாக்குகளுக்குப் பயன்படவில்லை. 2006இல் வந்த நான்காம் தலைமுறையே இதனை மாற்றியது. உளவாற்றல் இனத்தைப் பேய் வெல்லும் என்பதே படைத்தோர் கருத்து. நிரலில் நேர்ந்த பிழையால் முதற்பதிப்பில் பேயின் தாக்கு உளவாற்றல் இனத்தைச் சிறிதும் தொடவில்லை. 1999இன் அடுத்த தலைமுறையிலே அது திருத்தப்பட்டது. மனவலிமையின் முன் ஆவி தோற்கும் என்றொரு தத்துவத்தை இதிற் காண முற்படுவோர் உளர். எழுத்துப் பிழையில் தத்துவம் தேடுவது ஒப்பாகாது.

பிற்காலப் பேய்களில் கற்பனை வளம் மிகுந்திருக்கிறது. சிள்வண்டு கழற்றிய கூட்டிலிருந்து பிறந்த ஷெடிஞ்சாவின் உயிர்நிலை எண் எப்போதும் 1. ஆயினும் தனக்குரிய பகையினத்தின் தாக்கன்றி வேறெந்த நேர்த்தாக்கும் அதனைத் தொடாது. யாமாஸ்க் என்பது தான் மனிதனாயிருந்த காலத்து முகத்தைக் கையில் ஏந்தித் திரிகிறது. பாண்டம்ப், காட்டில் வழிதவறி இறந்த குழந்தைகளின் ஆவி மரக்கட்டையிற் புகுந்தது என்று கூறப்படுகிறது. இவை நெஞ்சை உறுத்தும் கதைகள். ஆனால் அவை குறிப்பேட்டில் ஓரிரு வரிகளாக நின்றுவிடுகின்றன. களத்திலே குழந்தையின் இறப்பு எவ்விளைவையும் தருவதில்லை. எண் மட்டுமே பேசுகிறது. பேணுதலிலிருந்து வீரத்துக்கும், வீரத்திலிருந்து அரசபுகழுக்கும் நகர்ந்த பேயின் வலிமை இங்கே எண்ணாகி, விளையாடுபவனின் உடைமையாக முடிகிறது. மந்திரவாதி பேயைப் போத்தலில் அடைத்ததாக நாட்டார் கூறுவர். அவன் அடைத்தது ஊரை விட்டு அகற்றுவதற்கு. இவன் அடைப்பது சேர்த்துவைப்பதற்கு.

இவ்விதிக்கு முதற்பதிப்பிலேயே ஒரு விலக்கு உண்டு. அதுவே அவ்விளையாட்டின் உயர்ந்த பகுதி என்பது என் துணிபு. இறந்த உயிர்களைப் புதைத்த கோபுரமொன்றில் ஓர் ஆவி வழிமறிக்கிறது. அதற்குப் பெயரில்லை. நம் உயிர்கள் அஞ்சி அசைய மறுக்கின்றன. பிடிக்க எறிந்த பந்து பயனற்று விழுகிறது. உருவை இனங்காட்டும் கருவியொன்று கிடைத்த பின்னரே அது யாரெனத் தெரிகிறது. கொள்ளைக் கூட்டத்தாரிடமிருந்து தப்ப முயன்று கொல்லப்பட்ட மரோவாக் என்னும் தாய். அதன் குட்டி அநாதையாய் அதே ஊரில் இருக்கிறது. அடையாளம் தெரிந்ததும் அத்தாய் பேயினமாக இருப்பதில்லை. உயிரோடிருந்தபோது இருந்த நிலவினமாகவே களத்தில் நிற்கிறது. அப்பொழுதும் அதனைப் பிடித்துச் சேர்க்க இயலாது. அமைதிப்படுத்தி அனுப்பவே இயலும்.

இனங்காட்டும் அக்கருவி யாரிடமிருந்து கிடைக்கிறது? தாயைக் கொன்ற அதே கூட்டத்தின் மறைவிடத்திலிருந்து. முதற்பதிப்பில் குறுக்கு வழியொன்றும் உண்டு: பொம்மையொன்றை எறிந்தால், ஆவி யாரென அறியாமலே அதனைக் கடந்து மேற்செல்லலாம். படைத்தோர் எண்ணிச் செய்தனரோ எண்ணாது செய்தனரோ, இறந்தோரை ஒரு சமூகம் எதிர்கொள்ளும் இரு வழிகள் இவை. ஒன்று பெயரறிந்து வழியனுப்புவது. மற்றது எதையேனும் காட்டிக் கடந்து போவது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். அடையாளம் கண்ட பின்னும் அத்தாயைப் போரில் தோற்கடித்தே அமைதிப்படுத்த வேண்டியுள்ளது. அவ்விளையாட்டுக்குப் போரன்றி வேறு மொழி தெரியாது. அரிசில்கிழாரின் பெண்ணுக்கு அம்மொழி தெரிந்திருந்தது.

வன்னி மண்ணுக்கும் அது தெரியும். முல்லைத்தீவின் வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரால் விளக்கெரித்து வழிபடப்படும் கண்ணகை, கணவனை அநியாயமாக இழந்து மதுரையை எரித்தவள். அவள் சினத்தை எவரும் போரிட்டு வென்றதாக நம் மரபு சொல்லவில்லை; பொங்கலிட்டும் பாடியும் ஆற்றுகிறது. கிழக்கிலே இதனைக் குளிர்த்தி என்பர். நியாயம் கிடைக்காத இறப்பின் வெம்மை குளிர்விக்கப்பட வேண்டியது என்னும் அறிவு இவ்வழிபாட்டில் உறைந்திருக்கிறது.

இவ்வறிவு இன்று சோதனைக்குள்ளாகியிருக்கிறது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, புண்பட்டோரைப் பேணவும் இறந்தோரை எடுத்து அடக்கவும் இயலாத நிலையில் மக்கள் அக்கரையை விட்டு வெளியேறினர். தொல்காப்பியர் வகுத்த, பேணுவாரற்ற களத்தின் துறை ஏட்டிலிருந்து இறங்கி நம் நிலத்திலே நின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அந்தியேட்டி செய்தால் இறப்பை ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிடின் ஆவி ஆறாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தாய் ஆண்டுக்கணக்காகத் தெருவோரத்தில் இருந்தாள். 2023இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அவை யாருடையவை என்று சொல்லவல்ல கருவிகள் தாய்மாரின் கையில் இல்லை.

இந்நிலையில், பேயின் வலிமை யாது என்னும் வினா நமக்கு வெறும் இலக்கிய வினாவாக இருக்க முடியாது. பரணியின் விடை பசி. விளையாட்டின் விடை எண். இவ்விரண்டையும் சுவைக்கலாம், ஆனால் இரண்டிலும் இறந்தவர் பிறர்க்குப் பயன்படும் பொருளாகிறார். காஞ்சியும் நீலியும் கோபுரத்துத் தாயும் வேறொன்றைக் கூறுகின்றன: வாழ்வோர் செய்யாது விட்ட கடமை எவ்வளவோ, பேயின் வலிமையும் அவ்வளவே. பெயர் சொல்லப்படாத ஓர் இறப்பு இருக்கும்வரை அவ்வலிமை குறையாது. நம் இளைஞர் இனிப் படைக்கும் கதைகளும் கவிதைகளும், ஏன், விளையாட்டுகளும்கூட, இறந்தோரைச் சேர்த்துக் களத்தில் இறக்கும் வழியை விட்டு, அவர்களை இனங்கண்டு பெயர் சொல்லி அழைக்கும் வழியைத் தேர்தல் வேண்டும். அத்தகைய படைப்பே வன்னியின் காஞ்சியாக அமையும்.