லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் திரைப்படக்கலை

கலைஞனொருவனின் தொடக்க முயற்சிகளைப் பயிற்சியெனக் கூறி ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளர் சிலரது வழக்கம். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் (1919–2018) கதைப்படங்களைப் போற்றுவோர் அவருடைய விவரணப் படங்களைப் பெயரளவிற் சுட்டி அப்பாற் செல்வர். அக்கதைப்படங்களின் சிறப்பே விவரணப் படத்தில் வேர்கொண்டதென்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

இலண்டனிற் பத்திரிகையாளராயிருந்த பீரிஸ், 1952 இல் நாடு திரும்பி அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்தார். ஆங்கே ரால்ப் கீன் என்னும் ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றினார். வறண்ட பிரதேசத்தின் மலேரியா ஒழிப்பு, வீதிப் பாதுகாப்பு என்பன அவர் அங்கு எடுத்த படங்களின் பொருள்களாயின. இத்தகைய படங்களில் இரு கூறுகள் உள: இடத்தையும் மனிதரையும் உள்ளவாறு நோக்கும் கண் ஒன்று, காண்பவற்றின் பொருள் இதுவென அறிவுறுத்தும் உரைஞரின் குரல் மற்றொன்று. கண்ணைப் பேணி, குரலைத் துறந்தமையே பீரிசின் வளர்ச்சியாகும்.

அக்காலச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் கலையகங்களில், இந்தியப் படங்களை அடியொற்றி உருவாயின. 1955 இல் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைற்றஸ் தொட்டவத்த ஆகியோருடன் அரசாங்கப் பணியை விட்டு விலகிய பீரிஸ், மெய்யான கிராமத்திலே, திறந்த வெளியிலே ‘ரேகாவ’வை (1956) எடுத்தார். அது துணிவான செயல். எனினும் படம் முழுமை எய்தவில்லை. கிராமத்தைக் காண்பது விவரணக் கண். கதையோ பார்வையிழந்த சிறுமி மீண்டும் ஒளி பெறும் அற்புதத்தை நாடுகின்றது. இரண்டும் ஒன்றோடொன்று இணங்கவில்லை.

அவ்விணக்கம் ‘கம்பெரலிய’வில் (1963) நிறைவேறிற்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய இப்படம், தென்னிலங்கைப் பெருங்குடியொன்றின் தேய்வைக் கூறுவது. மெய்யான பழைய மாளிகையிலேயே அது எடுக்கப்பட்டது. ஒரு சமூக மாற்றத்தை அங்கு எவரும் விளக்கியுரைப்பதில்லை. பழுதுறும் வீடும், நந்தா தன் விருப்பத்தை வாய்திறவாது அடக்கும் மௌனமுமே அதனை உணர்த்துகின்றன. 1965 இல் புதுடில்லி அனைத்துலகத் திரைப்பட விழாவில் இப்படம் தங்க மயில் விருது பெற்றது.

‘நிதானய’வில் (1972) துறந்த குரல் மீள்வதைக் காண்கிறோம். ஆயின் அது அறிவுரைக்கும் குரலன்று. புதையலுக்காக மனைவியைப் பலியிட்டவனின் ஒப்புதல். அன்று உரைஞர் கூறியதை ஏற்றுக்கொண்ட பார்வையாளர், இங்கு கூறுவோனையே நிறுத்துப் பார்க்க வேண்டியவராகின்றனர்.

பீரிசின் படங்கள் மெதுவானவை, அவர் சமூகப் பூசல்களை உரத்துப் பேசாதவர் என்னும் குறை கூறப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் உரத்துப் பேசும் பயிற்சி அவருக்கு இல்லாமலில்லை. அரசாங்கப் படங்களில் அதனைப் பயின்றவர் அவர். பயின்றதைத் தெரிந்தே விடுத்தார் என்பதை மறவாதோர்க்கு அவரது நிதானம் குறையாகத் தோன்றாது. பார்வையாளரின் அறிவின்மீது அவர் வைத்த மதிப்பாகவே தோன்றும்.