மேட்டூர்: வயலுக்குப் போகும் வழியில் மின்சாரம்

ஆவடி வீடுகளின் மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரத்தில் காவிரிக்கும் பங்கு உண்டு. அனல், அணு, காற்று எல்லாம் ஒரே கட்டமைப்பில் கலப்பதால் அதைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது.

காவிரியின் மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. 1925இல் தொடங்கிய வேலை 1934இல் முடிந்தது. அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். மேட்டூரில் மின்சாரம் வருமுன்பே, நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் தந்துவிட்டது. அங்கே மலைச்சரிவில் நீர் விழும் உயரம், அதாவது வீழ்ச்சி, பெரிது. மேட்டூரிலோ அணையின் உயரமே வீழ்ச்சி. 1937இல் அணையடி மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

இதன் அழகே சிக்கனம்தான். குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் நீர் முதலில் டர்பைனைச் சுழற்றுகிறது. துளியும் செலவாகாமல் நுரை பொங்க வெளியேறி ஆற்றில் சேர்கிறது. உற்பத்தியைத் தீர்மானிப்பது மின்தேவையை விட, தஞ்சை விவசாயியின் தேவைதான்.

நீர்மட்டமும் முக்கியம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி சிலை தலைகாட்டும். நீரின் அழுத்தம் குறைய, எந்திரத்தின் உழைப்பும் தளரும்.

அறுபதுகளில் வந்த சுரங்க மின்நிலையத்தின் திறன் 200 மெகாவாட். அதற்கும் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள் தொடர்கின்றன. ஒவ்வொன்றிலும் அதே தண்ணீர் மறுபடி 30 மெகாவாட் வரை தருகிறது.